‘ஸோம்பி’ பாடலைத் திருகோணமலையில் வாசிப்பது

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரை விடுதிகள் நிறைந்திருக்கும். அந்தக் காலத்தில் மாலை நேரங்களில் கிற்றார் வாசிக்கும் எங்களைப் போன்ற சிறு குழுக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஆங்கிலப் பாடல்களுள் ஒன்று, அயர்லாந்தின் ‘த கிரான்பெரீஸ்’ என்னும் ரொக் குழுவின் ‘ஸோம்பி’. கேட்பவர் ஜேர்மனியராக இருக்கலாம், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த சிங்கள இளைஞராக இருக்கலாம், எங்கள் நகரத்துத் தமிழ்ப் பொடியன்களாகவும் இருக்கலாம். பல்லவி வந்ததும் எல்லோரும் எழுந்து துள்ளுவார்கள். அந்தத் துள்ளலை நான் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் அந்தப் பல்லவியின் சத்தமே உடலை எழுப்புகின்ற சத்தம். ஆயினும், இரண்டு பிள்ளைகளின் சாவிலிருந்து பிறந்த பாடல் அது என்பதை அறிந்தவர் வாசிக்கும்போது கை வேறு விதமாக இயங்குகிறது. கேட்பவருக்கும் அந்த வேறுபாடு எப்படியோ போய்ச் சேர்கிறது. உவர்மலையில் வாடகை அறையொன்றில் மாலைகளில் இளையவர்களுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுக்கும் நான், அவர்களோடு சேர்ந்து இந்தப் பாடலைப் பிரித்துப் பார்த்து மேடைக்குக் கொண்டுபோன அனுபவத்திலிருந்து, இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிகழ்வு. 1993 மார்ச் 20, ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் வொரிங்டன் நகரக் கடைத்தெருவில் குப்பைத் தொட்டிகளுக்குள், பிரித்தானிய ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படை வைத்த இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. மறுநாள் அந்நாட்டில் அன்னையர் தினம் என்பதால் தெருவில் சன நெரிசல் இருந்தது. மூன்று வயதுக் குழந்தையொன்று அவ்விடத்திலேயே இறந்தது. 12 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாட்கள் வைத்தியசாலையில் கிடந்து இறந்தான். கிரான்பெரீஸ் குழுவின் பாடகி டொலோரஸ் ஓ’ரியோர்டன் இந்தச் செய்தி தந்த கோபத்திலும் துயரத்திலும்தான் பாடலைத் தனியாக எழுதினார். 1994 செப்டெம்பரில் அது தனிப்பாடலாகவும், அடுத்த மாதம் ‘நோ நீட் டு ஆர்கியூ’ என்ற அல்பத்தின் பகுதியாகவும் வெளிவந்தது. தயாரிப்பாளர் ஸ்டீபன் ஸ்ட்ரீட். கிற்றாரில் நோயல் ஹோகன், பேஸ் கிற்றாரில் அவருடைய தம்பி மைக் ஹோகன், ட்ரம்ஸில் ஃபெர்கல் லோலர். நால்வரும் அயர்லாந்தின் லிமெரிக் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

இந்தக் கடைசித் தகவல் வெறும் விபரம்போலத் தோன்றினாலும் பாடலின் பொருள் முழுவதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. குண்டு வைத்தவர்கள் அயர்லாந்தின் பெயரால் அதை வைத்தார்கள். செத்தவை ஆங்கிலேயப் பிள்ளைகள். பாடுபவரோ அயர்லாந்துப் பெண். தாயொருத்தியின் நெஞ்சு உடைவதைப் பாடும் அவர், இதைச் செய்தது நானும் அல்ல, என் குடும்பமும் அல்ல என்று பாடலுக்குள்ளேயே சொல்கிறார். வேறு சந்தர்ப்பங்களில் பேசியபோதும், அந்தச் செயலை அயர்லாந்து முழுவதன் தலையிலும் சுமத்தக் கூடாது என்பதை அவர் வலியுறுத்தினார். ஆயுதம் ஏந்தியவர்களைப் புகழ்ந்து பாடும் எழுச்சிப் பாடல்களுக்கு அயர்லாந்தில் நீண்ட மரபு உண்டு. அந்த மரபுள்ள மண்ணில் நின்றுகொண்டு, தன் பக்கத்தாரை நோக்கி விரல் நீட்டும் பாடலொன்றை உலகம் முழுவதும் கேட்கும் சத்தத்தில் பாடுவது எத்தகைய காரியம் என்பதை எங்களூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகையால், பாடலொன்றைக் கையில் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அகராதியைத் திறப்பதற்கு முன் இங்கே பேசுபவர் யார், அவர் எந்தப் பக்கத்தில் நின்று யாரிடம் பேசுகிறார் என்று தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான். ‘ஸோம்பி’யின் ஆங்கிலம் எளியது, சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் பேசுபவரின் இடம் தெரியாவிட்டால், பல்லவியில் வரும் ‘ஸோம்பி’ என்னும் நடைபிணம் பேய்ப்படத்துப் பாத்திரமாகத்தான் தெரியும். என்னிடம் படிக்க வந்தவர்களுள் சிலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார்கள். பழைய சண்டையைத் தலைக்குள் இடைவிடாமல் ஓட்டிக்கொண்டு, கண்முன்னே கிடக்கும் பிள்ளையின் உடலைக் காணமாட்டாமல் நடந்து போகிறவனே அந்த நடைபிணம் என்பது எனது வாசிப்பு. டாங்கிகளும் குண்டுகளும் துப்பாக்கிகளும் அந்தத் தலைக்குள்தான் இருக்கின்றன என்று பாடல் திரும்பத் திரும்பச் சொல்வதை இந்த வாசிப்புக்கு ஆதாரமாகக் கொள்கிறேன். நடுவில் 1916 என்ற ஆண்டு வருகிறது. டப்ளினில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சியின் ஆண்டு அது. அன்று தொடங்கிய அதே கதை இன்னும் ஓடுகிறது என்கிறார் பாடகி. அயர்லாந்தில் பலர் வணங்கும் ஆண்டொன்றை இப்படிச் சலிப்போடு குறிப்பிட்டதைப் பொறுக்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 2023 உலகக் கிண்ண ரக்பி போட்டிகளில் அயர்லாந்து இரசிகர்கள் அரங்கம் அதிர இந்தப் பாடலைப் பாடியபோது, அது பொருத்தமா என்ற வாக்குவாதம் மறுபடியும் எழுந்தது.

இனி இசைக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். பாடல் முழுவதும் நான்கே கோட்கள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்: ஈ மைனர், சி, ஜி, பிறகு எஃப் ஷார்ப்பை அடியில் வைத்த டி. சரணம், பல்லவி, இடையிசை எதுவானாலும் இதே வட்டம்தான். மாணவர்களுக்கு இதைச் சொன்னதும் ‘இவ்வளவுதானா’ என்று முகம் வாடுகிறது. அவர்களை நான் பேஸ் கிற்றாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்கச் சொல்வேன். ஈ, சி, ஜி, எஃப் ஷார்ப் என்று போகும் அந்த அடிக்குரல் கடைசிச் சுரத்தில் நிற்க முடியாமல் மீண்டும் ஈ மீதே இறங்கி விழுகிறது. விட்டுப்போக வாசல் இல்லாத வட்டம் அது. 1916 இலிருந்து அதே கதை என்று சொல்லும் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் எனக்குத் தோன்றவில்லை; எழுதியவர் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை, காதுக்கு அப்படித்தான் கேட்கிறது.

கர்நாடக இசை படித்துவிட்டு வருபவர்களிடம், ஈயை ஆதார சட்ஜமாக வைத்தால் இந்தப் பாடலின் சுரங்கள் நடபைரவி இராகத்துக்குள் அடங்கும் என்று சொல்லலாம், உடனே பிடித்துக்கொள்வார்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல்லவியில், கிற்றார் ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை அழுத்திவிட்டு, ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும் கொண்ட பவர் கோட்களை வாசிப்பது வழக்கம். முதல் மூன்று கோட்களுக்கும் அது சரியாக வரும். நான்காவதிலும் அதே விரலமைப்பை அப்படியே நகர்த்தி எஃப் ஷார்ப்பில் வைத்தால், அதன் பஞ்சமமாக சி ஷார்ப் ஒலிக்கும். அதாவது சுத்த தைவதம் இருக்க வேண்டிய இடத்தில் சதுஸ்ருதி தைவதம் வந்து, நடபைரவி கரகரப்பிரியா இராகத்தின் பக்கம் சாய்ந்துவிடும். பாடலின் இருட்டில் அந்த இடத்தில் மட்டும் யாரோ சன்னலைத் திறந்ததுபோல இருக்கும். ஆகவே நான்காவது கோட்டில் ஆறாவது நரம்பின் இரண்டாம் கட்டையில் எஃப் ஷார்ப்பைப் பிடித்து, மேலே டியின் சுரங்களை மட்டும் சேர்க்க வேண்டும். கை எட்டாத சிறியவர்கள் எஃப் ஷார்ப்பை மட்டும் தனியாக அடித்தாலும் போதும், பாடல் கெடாது.

பெடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்டோர்ஷனை முழுதாகத் திருகிவிட்டால் கோட்களின் உருவம் அழிந்து இரைச்சல் மட்டுமே மிஞ்சும், பாடகியின் குரலும் அதற்குள் புதைந்துவிடும். பாதிக்குச் சற்று மேலே வைத்து, வலக்கையின் அழுத்தத்தால் கனத்தை வரவழைப்பதே நல்லது. பாடல் மெல்லிய கிற்றார் ஒலியோடு தொடங்கிச் சட்டென்று பெருஞ்சத்தமாக வெடித்து, சரணம் வந்ததும் அடங்கி, பல்லவியில் மறுபடியும் வெடிக்கிறது. அந்த அடக்கம் உண்மையான அடக்கமாக இருந்தால்தான் வெடிப்புக்குப் பொருள் உண்டு. எங்கள் பொடியன்கள் சரணத்திலேயே உச்சத்தில் நிற்பார்கள். பிறகு பல்லவிக்கு ஏற இடமிருக்காது. இந்தக் குழுவே 1993 இல் வெளியிட்ட முதல் அல்பத்தில் மென்மையான, கனவு போன்ற ஒலிக்குப் பேர்போனது. ‘லிங்கர்’, ‘ட்ரீம்ஸ்’ போன்ற பாடல்களைக் கேட்டவர்கள் ‘ஸோம்பி’யின் கனத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மென்மையாக வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட முரட்டுத்தனம் அது. சரணத்தை அடக்கி வாசிக்கும்போது இதை மனதில் வைத்திருப்பது உதவும். (கடற்காற்றில் நரம்புகள் சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும் ஊரில் இருப்பவர்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் அவற்றைத் துடைத்துவிட வேண்டும், துருவேறிய நரம்பில் எந்தப் பெடலும் அழகாகக் கேட்காது.)

வேகம் அடுத்த சிக்கல். பதிவில் பாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 84 அடிகள் என்ற நடையில் செல்கிறது. அது நடக்கிற வேகம், ஓடுகிற வேகம் அல்ல. கூட்டம் துள்ளத் தொடங்கியதும் ட்ரம்ஸ் வாசிப்பவரின் கால் தானாகவே விரைந்துவிடும். விரைந்ததும் பாடல் வெறும் களியாட்டமாகிவிடும். எங்கள் ட்ரம்ஸ் பையனுக்கு, சீராக அடி தட்டும் கருவியான மெட்ரோனோமை ஒரு காதில் வைத்துப் பழக்கினோம். மேடையிலும் அதைக் கழற்றவிடவில்லை.

குரலைப் பற்றித்தான் எனக்கும் எங்கள் பாடகிக்கும் நீண்ட பேச்சு நடந்தது. டொலோரஸின் குரல் நெஞ்சிலிருந்து தலைக்குத் தாவும் இடங்களில் வேண்டுமென்றே உடையும். பல்லவியின் முக்கியச் சொல்லின் கடைசி உயிரை அவர் துண்டு துண்டாக வெட்டி நீட்டுவார். அயர்லாந்தில் இறந்தவரின் உடலருகே இருந்து பெண்கள் அழுது பாடும் பழைய வழக்கமொன்று உண்டு. அதற்கென்று அழைத்து வரப்படும் பெண்களும் முற்காலத்தில் இருந்தார்கள். அந்த அழுகையின் சாயலை டொலோரஸின் குரலில் பலரும் கேட்டிருக்கிறார்கள். நான் அதை மாணவர்களுக்குச் சொன்னபோது எங்கள் பாடகி சிரித்துவிட்டாள்.

“என்ன சேர், எல்லாரும் துள்ளுற பாட்டைப் போய்ச் செத்தவீட்டுப் பாட்டு எண்டுறீங்க?”

ஒப்பாரியை நேரே கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். அம்மம்மா பாடிக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அழுகை தொண்டையில் முட்டும் இடத்தில் அம்மம்மாவின் குரல் என்ன செய்தது என்று நினைவுபடுத்திப் பாடிப் பார் என்றேன். அவள் சங்கீதம் முறைப்படி படித்தவள். நீண்ட சுரம் எங்கே வந்தாலும் அதை அசைத்து வளைக்கும் கமகத்தால் அலங்கரித்துவிடும் பழக்கம் அவளுக்கு இருந்தது. அன்று முதல் கமகத்தை நீக்கி, சுரத்தை மொட்டையாக நிறுத்தி, உடையும் இடத்தில் உடையவிட்டாள். அயர்லாந்து உச்சரிப்பைப் பின்பற்ற வேண்டாம் என்பதில் இருவரும் உடன்பட்டோம். பிறருடைய உச்சரிப்பைப் பூசிக்கொள்ளும் பாடகரின் கவனம் துயரத்தில் இருக்காது. சரணங்களை ஏறக்குறையப் பேசுவதுபோல மெதுவாகப் பாடி, மூச்சைப் பல்லவிக்குச் சேமித்துவைப்பதும் பயன் தந்தது. ஆண் குரலுக்கு ஈ மைனர் சிரமமாக இருந்தால் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். கத்திப் பாடுவது உடைதலாகாது.

வரிகளைப் பேசி முடித்த நாளில்தான் பாடம் கடினமாகியது. திருகோணமலையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் ‘தெருவில் செத்த பிள்ளைகள்’ என்று சொன்னால் அவர்கள் மனம் எங்கே போகும் என்பது தெரிந்ததே. 2006 ஜனவரி 2 அன்று நகரக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் எவரும் தண்டிக்கப்படவில்லை. எங்கள் கிற்றார் பையன் அந்த ஆண்டில் பிறக்கவேயில்லை, இருந்தும் அந்த இடத்தைக் கடக்கும்போது அவனுடைய தந்தை மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவார் என்றான். ‘இது எங்கட பாட்டுத்தான் சேர்’ என்று அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. நெஞ்சுடையும் தாயின் இடத்தில் எங்களை வைத்துப் பார்ப்பது நியாயம், அதற்கு இந்தப் பாடலில் இடமும் இருக்கிறது.

ட்ரம்ஸ் பையன் முஸ்லிம். அதுவரை பேசாமலிருந்தவன், குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: “எங்கட உம்மாட ஊர் காத்தான்குடி, சேர். தொண்ணூறில பள்ளியில நடந்தத அவ இண்டைக்கும் வாயால சொல்ல மாட்டா.” 1990 ஆகஸ்ட் 3 அன்று, மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்கள் உட்பட, கொல்லப்பட்டார்கள். தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் செய்த கொலை என்பதே அவனுடைய தாய் மட்டுமன்றி அந்த ஊர் முழுவதும் அறிந்த செய்தி. அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் எதுவும் வாசிக்கவில்லை. பிறகு பாடகி, அந்த ‘நான் அல்ல, என் குடும்பம் அல்ல’ என்ற வரியை எந்த முகத்தோடு பாடுவது என்று கேட்டாள். பாடலின் மிகக் கடினமான இடத்தை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அந்த வரியைத் தப்பித்துக்கொள்பவரின் வரியாகப் பாடலாம், வெட்கத்தோடு நிற்பவரின் வரியாகவும் பாடலாம். டொலோரஸின் பதிவில் எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கின்றன. எங்கள் பாடகி அதைச் சத்தத்தைக் குறைத்து, ட்ரம்ஸ் இருக்கும் பக்கம் திரும்பிப் பாடுவதென்று முடிவெடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

இப்படிப்பட்ட பாடலைக் கலப்பான குழுவோடு எடுப்பவர்களுக்கு என் ஆலோசனை, வரிகளைப் பற்றிய பேச்சைப் பயிற்சியின் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது. கைகள் பழகுவதற்கு முன் பேசினால் பேச்சு மேலோட்டமாகிறது. எல்லாம் பழகிவிட்ட பிறகு பேசினால் மாற்றுவதற்கு ஒருவருக்கும் மனம் வராது. கோட்கள் கைக்கு வந்து, வேகம் இன்னும் நிலைக்காத நடுக்கட்டமே நல்ல நேரம். பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

ஆண்டைப் பற்றியும் ஒரு விவாதம் வந்தது. அமெரிக்காவின் ‘பேட் வுல்வ்ஸ்’ என்ற ஹெவி மெட்டல் குழு 2018 இல் இந்தப் பாடலை மறுபதிவு செய்தபோது 1916 ஐ 2018 ஆக மாற்றி, ஆயுதப் பட்டியலில் ட்ரோன்களையும் சேர்த்தது. அந்தப் பதிவில் டொலோரஸும் குரல் தருவதாக இருந்தது. அதற்கு முன்னரே, 2018 ஜனவரி 15 அன்று, 46 வயதில் லண்டனில் இறந்துவிட்டார். பாடல் வருமானத்தை அக்குழு அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுத்தது. நல்ல செயல், பதிவும் திறமையானது. ஆயினும் தொடக்கம் முதல் இறுதிவரை கனமாகவே ஒலிப்பதால் எனக்கு அதில் அழுகை கேட்பதில்லை. கிற்றார் பையன் இதையே முன்னுதாரணமாகக் காட்டி, நாங்களும் 2006 என்று மாற்றிப் பாடலாமே என்றான். ட்ரம்ஸ் பையன் அப்படியானால் 1990 உம் வேண்டுமே என்றான். ஆண்டுகளை அடுக்கத் தொடங்கினால் ஒருவரும் நிறுத்தப் போவதில்லை, பாடல் எதைக் கண்டு சலித்ததோ அந்தப் பட்டியலையே நாங்களும் எழுதத் தொடங்கிவிடுவோம் என்பது என் கருத்து. 1916 ஐ அப்படியே விட்டோம். கிற்றார் பையனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

மேடையில் செய்வது இதுதான். பாடலுக்கு முன்னால் பாடகி தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இவ்விரண்டு வசனங்கள் சொல்வாள்: 1993 இல் இங்கிலாந்துக் கடைத்தெருவொன்றில் இரண்டு பிள்ளைகள் இறந்தபோது ஓர் அயர்லாந்துப் பெண் எழுதிய பாடல் இது, குண்டை வைத்தவர்களும் அயர்லாந்தின் பெயரால்தான் அதை வைத்தார்கள். எங்கள் ஊரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூன்று மொழியிலும் கேட்பவர்கள் தாங்களாகவே அங்கே வந்து சேருவார்கள். அறிமுகம் இதைவிட நீண்டால் விருந்தினர் தட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவர் என்பதால் அதை வளர்க்க நான் விடுவதில்லை. பல்லவியில் இன்னும் துள்ளுகிறார்கள். அந்த ‘நான் அல்ல’ என்ற வரி வரும்போது முன்வரிசையில் சிலர் நின்றுவிடுகிறார்கள்.

நிகழ்ச்சி வரிசையில் பாடலின் இடமும் முக்கியம். இதற்குப் பின் உடனே ஆட்டப் பாடலொன்றைத் தொடங்கினால் பாடியதெல்லாம் கரைந்துவிடும். முதற் பாடலாக வைத்தால் பாடகியின் குரல் தயாராகியிருக்காது. நாங்கள் இதை முதற் பகுதியின் கடைசியில் வைத்து, முடிந்ததும் நேராக இடைவேளை விடுகிறோம். விடுதி முகாமையாளர் தொடக்கத்தில் தயங்கினார். இடைவேளையில்தான் பானங்கள் அதிகம் விற்கின்றன என்று அவருடைய காசாளர் எடுத்துச் சொன்ன பிறகு அந்த ஒழுங்கை மாற்றச் சொல்வதேயில்லை.